நாயக்கர் சொல்லித் தர மறுத்த வித்தை

தாமரை மலரில் நிற்கும் லட்சுமி. வீணை ஏந்திய சரஸ்வதி. தமிழ்நாட்டில் எத்தனையோ வீடுகளின் பூஜை அறையில் இந்தப் படங்களைப் பார்க்கலாம். இந்த உருவங்களை நம் கண்ணில் பதிய வைத்தவர் ராஜா ரவிவர்மா. தைல வர்ணத்தில் படம் தீட்டிப் பெரும் புகழ் பெற்றவர். அந்த வித்தையைக் கற்றுக்கொள்ள அவர் பட்ட பாடு கொஞ்சநஞ்சம் அல்ல!

ரவிவர்மா 1848-ம் ஆண்டு ஏப்ரல் 29-ந் தேதி, திருவாங்கூர் சமஸ்தானத்தைச் சேர்ந்த கிளிமானூரில் பிறந்தார். சிறு பையனாக இருக்கும்போதே கரித்துண்டால் சுவர்களில் படம் வரைவார். அவருடைய மாமா ராஜராஜவர்மாவும் ஓர் ஓவியர். அவர் மருமகனைக் கோபிக்கவில்லை. தமக்குத் தெரிந்ததைச் சொல்லிக் கொடுத்தார். பையனுக்கு 14 வயது ஆனதும் திருவனந்தபுரத்துக்கு அழைத்துப் போய், ஆயில்யம் திருநாள் மகாராஜாவின் முன் நிறுத்தினார். மகாராஜா அங்கேயே தங்கிப் பழகச் சொன்னார்.

கதவு திறக்கவில்லை

அப்போது அரண்மனை ஓவியராக இருந்தவர் மதுரை ராமசாமி நாயக்கர். தைல வர்ணத்தில் கைதேர்ந்தவர். ஆனால் அவர் பையனுக்குக் கற்றுக் கொடுக்க மறுத்துவிட்டார்.

அவரைக் குறை சொல்லிப் பயன் இல்லை. அவருக்கு அந்த வித்தைதான் சோறு. அரச குடும்பத்துக்குச் சொந்தக்காரப் பையன், மகாராஜாவுக்கும் வேண்டியவன், அதைக் கற்றுக்கொண்டால் தம் கதி என்ன என்று அவர் நினைத்திருக்கலாம்.

தைல வர்ணம் அப்படி என்ன கஷ்டம்? தண்ணீரில் கரைத்த வர்ணம் சில நிமிடங்களில் காய்ந்துவிடும். ஆளிவிதை எண்ணெயில் குழைத்த வர்ணம் காயப் பல நாள் ஆகும். அதனால் ஒரு நிறத்தை இன்னொரு நிறத்தோடு இழைக்கலாம். கன்னத்தின் மினுமினுப்பையும் பட்டின் மடிப்பையும் காட்டலாம். ஆனால் அடிப்பூச்சு காயும் முன் அவசரப்பட்டால் படம் வெடித்துப் போகும். எண்ணெய் அதிகமானால் சுருங்கும். பக்கத்தில் இருந்து சொல்லித் தர ஆள் வேண்டும்.

அந்த ஆள் நாயக்கரிடமிருந்தே வந்தார்! அவருடைய சீடர் ஆறுமுகம் பிள்ளை, குருவுக்குத் தெரியாமல் இரவில் வந்து, தமக்குத் தெரிந்ததை ரவிவர்மாவுக்குச் சொல்லிக் கொடுத்தார். தெரிந்திருந்தால் அவர் பிழைப்பு என்ன ஆகியிருக்கும்?

வெள்ளைக்கார ஓவியர்

1868-ம் ஆண்டில் தியோடர் ஜென்சன் என்ற ஐரோப்பிய ஓவியர், மகாராஜாவைப் படம் எழுத வந்தார். அவரும் கற்றுத்தர விரும்பவில்லை. மகாராஜாவின் சொல்லுக்காக, தாம் வரையும்போது பார்த்துக்கொண்டிருக்க மட்டும் அனுமதித்தார்.

ஐரோப்பாவில் படம் பழகும் மாணவர்கள் பழைய மேதைகளின் படத்துக்கு எதிரே சட்டம் நாட்டி, அதைப் பார்த்து அப்படியே எழுதிப் பழகுவார்கள். வியன்னா நகரில் புரூகல் என்பவர் 1565-ல் தீட்டிய படம் இருக்கிறது: பனி மூடிய மலைச் சரிவில் நாய்களோடு வேடர்கள் திரும்பும் காட்சி. அதைப் போன்ற படங்கள்தான் அங்கே பாடப் புத்தகம். ரவிவர்மாவுக்கோ பார்த்தது மனதில் இருக்க வேண்டும். திரும்பி வந்து தாமாகச் செய்து பார்க்க வேண்டும். கெடுத்துக் கெடுத்துத்தான் கற்றார்.

1873-ம் ஆண்டில், தலையில் பூச்சூடும் நாயர் பெண்ணின் படத்தைச் சென்னைக் கண்காட்சிக்கு அனுப்பினார். கவர்னரின் தங்கப் பதக்கம் கிடைத்தது! அதே ஆண்டு, புரூகலின் படம் இருக்கும் அதே வியன்னாவில் நடந்த உலகக் கண்காட்சியிலும் அவருக்குப் பரிசு கிடைத்தது. அப்போது வயது 25.

அதன் பிறகு ராஜாக்கள் வீட்டு வாசலில் காத்திருந்தார்கள். ஆனால் ராஜாக்கள் வாங்கும் படத்தை ஏழை எப்படிப் பார்ப்பான்? 1894-ல் பம்பாயில் அச்சகம் தொடங்கினார். ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு கல் வீதம் கல்லச்சில் ஏற்றி, சாமி படங்களைச் சாதாரண மக்கள் வாங்கும் விலைக்குக் கொண்டுவந்தார். கடன் ஏறியது. பிறகு அச்சகத்தை ஒரு ஜெர்மானியருக்கு விற்றுவிட்டார். படங்கள் மட்டும் தொடர்ந்து அச்சாகிக்கொண்டே இருந்தன.

இத்தனை வேலைக்கும் வலது கையாக இருந்தவர் தம்பி ராஜராஜவர்மா. மாமாவின் பெயர்தான் தம்பிக்கும். மலை, மரம், வானம் எழுதுவதில் கெட்டிக்காரர். அவர் 1905-ம் ஆண்டில் இறந்தார். மறு ஆண்டு அக்டோபர் 2-ந் தேதி, பிறந்த ஊரான கிளிமானூரிலேயே, 58-வது வயதில் அண்ணனும் கண்ணை மூடினார்.