சாக்கடை கட்டச் சொல்லிக் கொடுத்த பிரின்சிபால்

சிவில் முடித்து வேலைக்குப் போன புதிதில், ஒரு சின்ன ஊரில் வார்டு சாக்கடை வேலையை மேற்பார்வை பார்த்தேன். பிளானில் வாட்டம் சரியாகத்தான் இருந்தது. ஆனால் முதல் மழையிலேயே தண்ணீர் எதிர்த்துக்கொண்டு தெருவில் நின்றது. அந்த இடம் ஒரு காலத்தில் குட்டையாக இருந்ததாம். முனைவீட்டுப் பாட்டி அப்புறம் சொன்னார். முன்னாடியே கேட்டிருந்தால் அப்போதே சொல்லியிருப்பார். நான்தான் கேட்கவில்லை.

அந்த அவமானம் மனசில் இருந்தபோதுதான் அக்தர் ஹமீத் கானைப் பற்றிப் படித்தேன். இந்த மலரில் அவரைப் பற்றி எழுதணும் என்று ரொம்ப நாள் ஆசை.

1914-ல் ஆக்ராவில் பிறந்தவர். ஐ.சி.எஸ். பாஸாகி வங்காளத்தில் அதிகாரியாக இருந்தார். 1943 பஞ்சத்தை நேரில் பார்த்த பிறகு அந்தப் பதவியை உதறிவிட்டு, அலிகார் பக்கம் ஒரு கிராமத்தில் பூட்டுத் தொழிலாளியாக உட்கார்ந்துவிட்டார். 1950-ல் பாகிஸ்தான் போய், இன்றைய வங்கதேசத்தில் உள்ள கொமில்லாவில் விக்டோரியா கல்லூரி முதல்வரானார். 1959-ல் அங்கே ஊரக வளர்ச்சி அகாடமி ஆரம்பித்தபோது அதற்குத் தலைமை ஏற்றார். சிறு விவசாயிகளின் கூட்டுறவுச் சங்கங்களை முதலில் ஒரே வட்டாரத்தில் நடத்திப் பார்த்தார். 1963-ல் மகசேசே விருதும் வந்தது. ஆனால் அதே திட்டம் அவசரமாக நாடெங்கும் பரவியபோது, பல இடங்களில் சங்கங்கள் வசதியானவர்கள் கைக்குப் போய்விட்டன.

இந்தப் பாடத்தோடுதான் 1980-ல், அறுபத்தைந்து வயதைத் தாண்டி, கராச்சியின் ஒராங்கிக்கு வந்தார். லட்சக்கணக்கானவர்கள் தாங்களே வீடு கட்டிக் குடியேறிய பகுதி அது. பாதாளச் சாக்கடை கிடையாது. கழிவு எல்லாம் சந்திலேயே ஓடும். அரசாங்கம் ஒருநாள் இலவசமாகப் போட்டுத் தரும் என்று ஜனங்கள் காத்திருந்தார்கள்.

கான் வந்ததும் பள்ளம் தோண்டவில்லை. சந்து சந்தாக நடந்து, பேசி, கேட்டார். பிறகு வேலையை இரண்டாகப் பிரித்தார். வீட்டுக் கழிப்பறை, சந்துக் குழாய், அதைச் சேர்க்கும் அடுத்த குழாய் இதெல்லாம் ஜனங்கள் பொறுப்பு. பெரிய பிரதானக் குழாயும் சுத்திகரிப்பும் அரசாங்கத்தின் பொறுப்பு. இருபது, முப்பது வீடுள்ள ஒரு சந்துதான் ஒரு யூனிட். சந்துக்காரர்களே கூடி ஒரு பொறுப்பாளரைத் தேர்ந்தெடுத்து விண்ணப்பித்தால்தான் திட்டத்து ஆட்கள் வருவார்கள். லெவல் எடுத்து, பிளானும் எஸ்டிமேட்டும் போட்டு, மேன்ஹோல் வார்க்க இரும்பு அச்சை இரவல் கொடுப்பார்கள். பணத்தை மட்டும் தொடமாட்டார்கள். வசூலும் செலவும் சந்துக்காரர்கள் கையில்தான்.

காண்ட்ராக்டர் லாபம் இல்லை. டிசைனும் எளிமையாக்கப்பட்டது. ஆரம்ப வருடங்களில் வீட்டுக்குச் சுமார் 1000 பாகிஸ்தான் ரூபாயில் வேலை முடிந்தது. அரசாங்க எஸ்டிமேட் இதைப்போலப் பல மடங்கு. ஒரு சந்தைப் பார்த்து அடுத்த சந்து என்று, பின்னாளில் 90,000 வீடுகளுக்கு மேல் இப்படி இணைந்தன. அந்தப் பகுதிப் பையன்களே சர்வே எடுக்கக் கற்றுக்கொண்டார்கள்.

கான் 1999 அக்டோபரில் காலமானார். கடைசிவரை அவர் பிரின்சிபாலாகத்தான் இருந்தார் என்று எனக்குத் தோன்றும். கொமில்லாவில் மாணவர்களுக்குக் கற்றுக் கொடுத்தார், ஒராங்கியில் ஒரு ஊருக்கே.

நம் கல்லூரியில் இப்போது சர்வே வகுப்பில் இருக்கும் தம்பி, தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். எந்தத் திட்டத்தையும் முதலில் ஒரு தெருவில் வெள்ளோட்டம் விட்டுப் பாருங்கள். லெவல் ஸ்டாண்டை நிறுத்துவதற்கு முன்னால், முனைவீட்டுக் கதவை ஒரு தடவை தட்டுங்கள்.