அடோனிராம் ஜட்சன்

அடோனிராம் ஜட்சன் (ஆகஸ்ட் 9, 1788 – ஏப்ரல் 12, 1850) அமெரிக்காவைச் சேர்ந்த கிறித்தவச் சமயப் பணியாளரும், மொழிபெயர்ப்பாளரும், அகராதித் தொகுப்பாளரும் ஆவார். பர்மாவில் (இன்றைய மியான்மர்) ஏறத்தாழ 37 ஆண்டுகள் பணியாற்றிய இவர், விவிலியம் முழுவதையும் எபிரேயம், கிரேக்கம் ஆகிய மூலமொழிகளில் இருந்து பர்மிய மொழிக்குப் பெயர்த்தார். சிறைவாசம், மனைவியின் மறைவு, குழந்தைகளின் இறப்பு, நீண்ட மனச்சோர்வு ஆகியவற்றுக்கு நடுவே இப்பணி நிறைவேறியது. இவரது இறைநம்பிக்கை இருமுறை நிலைகுலைந்து மீண்டது.

இளமையும் கல்வியும்

ஜட்சன் அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில் உள்ள மால்டன் என்னும் ஊரில் பிறந்தார். இவரது தந்தையின் பெயரும் அடோனிராம் ஜட்சன் என்பதே. அவர் கொங்கிரிகேஷனல் திருச்சபையின் போதகர். ஜட்சன் 1807 ஆம் ஆண்டு பிரௌன் பல்கலைக்கழகத்தில் தம் வகுப்பின் முதல் மாணவராகத் தேறிப் பட்டம் பெற்றார்.

கல்லூரி நாட்களில் ஜேக்கப் ஈம்ஸ் என்ற நண்பரின் தாக்கத்தால், இறைவன் உலகைப் படைத்தபின் மனித வாழ்வில் தலையிடுவதில்லை என்னும் இயற்கை இறையியல் கொள்கையை ஏற்று, பெற்றோரின் சமய நம்பிக்கையைக் கைவிட்டார். 1808 இல் பயணத்தின்போது ஒரு விடுதியில் இரவு தங்கினார். அடுத்த அறையில் நோயுற்றிருந்தவரின் முனகல் இரவு முழுவதும் கேட்டது. காலையில் விசாரித்தபோது அவர் இறந்துவிட்டார் என்றும், அவர் ஜேக்கப் ஈம்ஸ் என்றும் அறிந்து அதிர்ச்சியுற்றார் என இவரது வாழ்க்கை வரலாறுகள் கூறுகின்றன. அதே ஆண்டு ஆண்டோவர் இறையியல் கல்லூரியில் சேர்ந்தார். நம்பிக்கை உடனே திரும்பிவிடவில்லை. பல மாதப் படிப்புக்கும் சிந்தனைக்கும் பின்னரே தம்மைக் கிறித்தவராக மீண்டும் அறிவித்தார்.

கடற்பயணமும் கொள்கை மாற்றமும்

ஜட்சன் பெப்ரவரி 5, 1812 அன்று ஆன் ஹசல்டைன் என்பவரை மணந்தார். இரு வாரங்களில் இருவரும் கேரவன் என்னும் கப்பலில் கல்கத்தாவுக்குப் புறப்பட்டனர். இவர்களை அனுப்பிய அமைப்பு கொங்கிரிகேஷனல் திருச்சபையைச் சார்ந்தது. கல்கத்தாவை அடுத்த செராம்பூரில் வில்லியம் கேரி முதலிய பாப்டிஸ்ட் சபையினர் பணியாற்றி வந்தனர். அவர்களோடு திருமுழுக்குப் பற்றி விவாதிக்க நேரும் என எண்ணிய ஜட்சன், கப்பலிலேயே கிரேக்கப் புதிய ஏற்பாட்டை ஆராயத் தொடங்கினார். முடிவில், குழந்தைகளுக்குத் திருமுழுக்குக் கொடுப்பதற்கு அதில் ஆதாரமில்லை என்ற பாப்டிஸ்ட் கொள்கையையே ஏற்றுக்கொண்டார். செப்டம்பர் 6, 1812 அன்று கல்கத்தாவில் வில்லியம் வார்ட் இவருக்குத் திருமுழுக்கு அளித்தார். இதனால் தம்மை அனுப்பிய அமைப்பில் இருந்து விலக நேர்ந்தது. அமெரிக்க பாப்டிஸ்ட் சபையினர் 1814 இல் தனி அமைப்பை ஏற்படுத்தி இவர்களுக்கு ஆதரவு அளிக்கும்வரை உறுதியான வருவாய் எதுவும் இருக்கவில்லை.

கிழக்கிந்தியக் கம்பனி இவர்களை இந்தியாவில் தங்க அனுமதிக்கவில்லை. மொரீசியசுக்குச் சென்று, அங்கிருந்து சூன் 1813 இல் சென்னை வந்தனர். சென்னையிலும் வெளியேற்றப்படும் நிலை இருந்தது. அப்போது கிடைத்த கப்பல் ரங்கூனுக்குச் செல்வதாக இருந்ததால் அதில் ஏறினர். வழியில் இவர்களின் முதற் குழந்தை இறந்தே பிறந்தது. சூலை 13, 1813 அன்று ரங்கூனை அடைந்தனர்.

ரங்கூனில் தொடக்க ஆண்டுகள்

பர்மிய மொழியைக் கற்கப் போதிய நூல்கள் அப்போது இல்லை. ஜட்சன் உள்ளூர் ஆசிரியர் ஒருவரிடம் நாள்தோறும் பல மணி நேரம் பயின்றார். பௌத்த நூல்களின் மொழியான பாலியையும் கற்றார். 1815 இல் பிறந்த ரோஜர் என்னும் மகன் எட்டு மாதத்தில் இறந்தான்.

1819 இல் ஜட்சன் சாலையோரத்தில் பர்மிய முறைப்படி ஒரு சாவடி கட்டி, அங்கு அமர்ந்து வழிப்போக்கரிடம் உரையாடினார். மௌங் நாவ் என்பவர் சூன் 27, 1819 அன்று திருமுழுக்குப் பெற்றார். ரங்கூனுக்கு வந்து ஆறு ஆண்டுகளுக்குப் பின் கிடைத்த முதல் பலன் இதுவே. 1820 இல் சமய உரிமை வேண்டி மன்னர் பாகியிதோவைச் சந்தித்தார். மன்னர் இவர் கொடுத்த சிறுநூலின் தொடக்கத்தைப் படித்துவிட்டுத் தரையில் போட்டார். வேண்டுகோள் மறுக்கப்பட்டது. 1823 அளவில் சபையில் 18 பேரே இருந்தனர். அவ்வாண்டு புதிய ஏற்பாட்டின் மொழிபெயர்ப்பை முடித்தார்.

சிறைவாசம்

1824 தொடக்கத்தில் ஜட்சனும் ஆன் அம்மையாரும் தலைநகர் ஆவாவுக்குச் சென்றனர. சில வாரங்களில் முதலாம் ஆங்கிலேய-பர்மியப் போர் மூண்டது. ஜட்சனுக்கு அமெரிக்காவில் இருந்து வந்த பணம் வங்காளத்தில் இருந்த ஆங்கிலேயர் வழியாகவே கிடைத்தது. இதனால் அவர் ஒற்றர் என ஐயுற்ற அதிகாரிகள் சூன் 8, 1824 அன்று அவரைக் கைது செய்தனர்.

ஆவாவின் மரணச் சிறையில் கைதிகளின் கால்களில் மூன்று இணை விலங்குகள் பூட்டப்பட்டன. பின்னர் அவை ஐந்தாயின. இரவில் கால்களுக்கிடையே மூங்கிலைச் செருகி மேலே உயர்த்திவிடுவர். தோள்களும் தலையும் மட்டுமே தரையில் படும். ஆன் அம்மையார் அதிகாரிகளுக்குக் கையூட்டும் பரிசுகளும் கொடுத்து உணவு கொண்டுவந்தார். விடுதலை கோரி வீடு வீடாக அதிகாரிகளைச் சந்தித்தார். சனவரி 1825 இல் மரியா என்னும் மகளைப் பெற்றெடுத்தார்.

புதிய ஏற்பாட்டின் கையெழுத்துப் படியை முதலில் மண்ணில் புதைத்துவைத்த ஆன் அம்மையார், மழையில் அழிந்துவிடும் என அஞ்சி அதை ஒரு தலையணைக்குள் வைத்துத் தைத்துச் சிறைக்கு அனுப்பினார். எவரும் விரும்பாத அளவுக்கு அத்தலையணை கடினமாக அமைக்கப்பட்டிருந்தது. மே 1825 இல் கைதிகள் வெறுங்காலுடன் ஔங்பின்லே சிறைக்கு நடத்திச் செல்லப்பட்டபோது தலையணையும் பறிபோனது. அது குப்பையாக எறியப்பட, மௌங் இங் என்னும் சபை உறுப்பினர் தம் ஆசிரியரின் நினைவுப் பொருளாக அதை எடுத்துவைத்தார். உள்ளே கையெழுத்துப் படி சேதமின்றி இருந்தது பின்னரே தெரியவந்தது.

ஔங்பின்லேயில் ஆன் அம்மையார் கடும் நோய்வாய்ப்பட்டுத் தாய்ப்பால் வற்றியது. ஜட்சன் காவலரின் அனுமதி பெற்று, குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஊருக்குள் சென்று பாலூட்டும் தாய்மாரிடம் இரந்து பால் பெற்றார். ஏறத்தாழ 17 மாதச் சிறைவாசத்துக்குப் பின், அமைதிப் பேச்சுக்கு மொழிபெயர்ப்பாளர் தேவைப்பட்டதால் வெளியே கொண்டுவரப்பட்டார். பெப்ரவரி 24, 1826 அன்று யாண்டபோ உடன்படிக்கையுடன் போர் முடிந்தது.

மனைவியின் மறைவும் மனச்சோர்வும்

போருக்குப் பின் ஆங்கிலேயத் தூதுக்குழுவுடன் மொழிபெயர்ப்பாளராக ஜட்சன் ஆவாவுக்குச் சென்றிருந்த வேளையில், அக்டோபர் 24, 1826 அன்று ஆம்கெர்ஸ்ட் என்னும் ஊரில் ஆன் அம்மையார் காய்ச்சலால் இறந்தார். ஜட்சன் இறுதி நேரத்தில் உடனிருக்கவில்லை. ஆறு மாதங்களில் மரியாவும் இறந்தாள். சில மாதங்களில் தந்தையின் இறப்புச் செய்தியும் வந்தது.

ஜட்சன் முதலில் தம் பணியைத் தொடர்ந்தார். பின்னர் படிப்படியாக மனிதரிடமிருந்து விலகினார். பிரௌன் பல்கலைக்கழகம் வழங்கிய மதிப்புறு முனைவர் பட்டத்தைத் துறந்தார். தம்மைப் புகழ்ந்த கடிதங்களை அழித்தார். 1828 இல் மோல்மெயினுக்கு அருகே காட்டில் குடிசை ஒன்று கட்டித் தனியே வாழ்ந்தார். தமக்கென ஒரு புதைகுழியையும் வெட்டி அதன் அருகே அமர்ந்திருந்தார். மனைவி இறந்த மூன்றாம் ஆண்டு நினைவு நாளில், தாம் இறைவனை நம்புவதாகவும் ஆனால் அவரைக் காண இயலவில்லை என்றும் எழுதினார்.

இந்நிலை ஒரே நாளில் மாறவில்லை. பிரிந்திருந்த தம்பி எல்நாதன் இறப்பதற்கு முன் கிறித்தவ நம்பிக்கைக்குத் திரும்பினார் என்ற செய்தி இவருக்கு ஆறுதல் தந்தது. உடன் பணியாற்றியோரும் பர்மிய நம்பிக்கையாளரும் இவரைக் கைவிடவில்லை. 1830 இல் ப்ரோம் நகருக்குச் சென்று மீண்டும் மக்களைச் சந்திக்கலானார்.

விவிலிய மொழிபெயர்ப்பு

1831 முதல் ஜட்சன் பழைய ஏற்பாட்டின் மொழிபெயர்ப்பில் முழுமையாக ஈடுபட்டார். ஒரு நாளைக்கு 25 முதல் 30 வசனங்கள் என அளவு வைத்துக்கொண்டு உழைத்தார். சனவரி 31, 1834 அன்று முழு விவிலியமும் நிறைவுற்றது. அதன்பின் அதைத் திருத்துவதில் பல ஆண்டுகள் செலவிட்டார். திருத்திய பதிப்பு 1840 இல் முடிந்தது. பர்மியரின் பௌத்த மரபில் பழகியிருந்த பாலிச் சொற்களை இவர் ஒதுக்கவில்லை. புத்தரையும் கோயிலையும் குறித்த பயா என்னும் சொல்லோடு நிலையான என்னும் பொருள்தரும் பாலி அடைமொழியைச் சேர்த்து இறைவனைக் குறிக்கப் பயன்படுத்தினார்.

பிற்கால வாழ்க்கை

ஜட்சன் ஏப்ரல் 1834 இல், கரேன் மக்களிடையே பணியாற்றி இறந்த ஜார்ஜ் போர்ட்மனின் மனைவி சாராவை மணந்தார். இவர்களுக்குப் பிறந்த எட்டுக் குழந்தைகளில் ஐவரே எஞ்சினர். உடல்நலம் குன்றிய சாராவை அமெரிக்காவுக்கு அழைத்துச் செல்லும் வழியில், செப்டம்பர் 1, 1845 அன்று செயிண்ட் எலனா தீவின் துறைமுகத்தில் அவரும் இறந்தார். 33 ஆண்டுகளுக்குப் பின் தாய்நாட்டை அடைந்த ஜட்சனின் குரல் நோயால் நலிந்திருந்தது. கூட்டங்களில் அவர் மெல்லிய குரலில் கூறுவதை அருகிலிருந்த ஒருவர் உரக்கச் சொல்ல வேண்டியிருந்தது.

1846 இல் எழுத்தாளர் எமிலி சப்பக்கை மணந்து பர்மாவுக்குத் திரும்பினார். அங்கு அகராதிப் பணியில் ஈடுபட்டார். ஆங்கில-பர்மிய அகராதி 1849 இல் வெளிவந்தது. பர்மிய-ஆங்கில அகராதியை இவரது மறைவுக்குப் பின் எட்வர்ட் ஸ்டீவன்ஸ் 1852 இல் முடித்து வெளியிட்டார்.

மறைவு

நோய் முற்றியதால் கடற்காற்று உதவும் எனக் கருதிக் கப்பலில் பயணம் செய்த ஜட்சன், ஏப்ரல் 12, 1850 அன்று காலமானார். அவரது உடல் வங்காள விரிகுடாவில் அடக்கம் செய்யப்பட்டது. கருவுற்றிருந்த எமிலி உடன் செல்ல இயலவில்லை. பத்து நாட்களில் அவருக்கு ஆண் குழந்தை இறந்தே பிறந்தது. கணவரின் மறைவுச் செய்தி நான்கு மாதங்களுக்குப் பின்னரே அவருக்குக் கிடைத்தது.

தாக்கம்

ஜட்சனின் விவிலிய மொழிபெயர்ப்பு பர்மியப் புரட்டஸ்தாந்துக் கிறித்தவரிடையே இன்றும் பரவலாகப் பயன்படுத்தப்படுகிறது. பெரும்பான்மை பர்மியரைவிடக் கரேன் முதலிய மக்களிடையே கிறித்தவம் மிகுதியாகப் பரவியது. ஜட்சன் மீட்ட கடன் அடிமையான கோ தா பியூ 1828 இல் திருமுழுக்குப் பெற்று அம்மக்களிடையே முன்னோடியாகப் பணியாற்றினார். ரங்கூனில் இயங்கிய ஜட்சன் கல்லூரி 1920 இல் தொடங்கப்பட்ட ரங்கூன் பல்கலைக்கழகத்தில் இணைந்தது. நியூயார்க்கில் உள்ள ஜட்சன் நினைவு ஆலயத்தை நிறுவியவர் இவரது மகன் எட்வர்ட் ஜட்சன் ஆவார்.