லுடோல்ப் வான் கோலனும் பையின் பெறுமானமும்

விகிதமுறா எண்களை ஏறுவரிசையில் எழுதுமாறு கேட்கப்படும்போது மாணவர் பலர் எல்லா எண்களையும் இரண்டு தசமதானங்களுக்கு மட்டந்தட்டிவிட்டு, இரண்டு எண்கள் சமமாக வந்ததும் தடுமாறுவர். 1584ஆம் ஆண்டில் ஒல்லாந்தில் எழுந்த ஒரு விவாதமும் இதே இடத்திலேயே சிக்கியிருந்தது. அதனைத் தீர்த்து வைத்தவர் லுடோல்ப் வான் கோலன் ஆவார்.

இவர் 1540ஆம் ஆண்டு ஜேர்மனியின் ஹில்டஸ்ஹைம் நகரில் ஒரு வணிகரின் மகனாகப் பிறந்தார். பல்கலைக்கழகத்தில் கற்கக் குடும்பத்தில் வசதி இருக்கவில்லை. ஆகவே அக்காலக் கல்விமான்களின் மொழிகளான இலத்தீனும் கிரேக்கமும் இவருக்குக் கைவரவில்லை. பின்னர் ஒல்லாந்தின் டெல்ப்ட் நகரில் குடியேறிக் கணிதமும் வாள்வீச்சும் கற்பித்துப் பிழைத்தார். கணித ஆசிரியர் வாள்வீச்சுப் பள்ளி நடத்தியது நமக்கு விந்தையாகத் தோன்றலாம்; இவருக்கு இரண்டுமே சீவனோபாயம். வட்டத்தைப் பற்றி ஆக்கிமிடிஸ் எழுதியதை யான் டி குரூட் என்ற நண்பர் ஒல்லாந்த மொழியில் பெயர்த்துக் கொடுக்க, இவர் அதனைக் கற்றார்.

வட்டத்தின் பரிதிக்கும் விட்டத்துக்கும் இடையிலான விகிதமே பை. ஆக்கிமிடிஸ் வட்டத்தின் உள்ளேயும் வெளியேயும் 96 பக்கப் பல்கோணிகளை அமைத்து, பை 223/71 இலும் பெரியது, 22/7 இலும் சிறியது எனக் காட்டியிருந்தார். தசமத்தில் இவை 3.1408..., 3.1428... ஆகும்.

1584இல் சைமன் வான் டெர் ஐக் என்பவர் பையின் சரியான பெறுமானம் 1521/484 என அறிவித்தார். இது 3.1425... ஆகும். ஆக்கிமிடிசின் இரு எல்லைகளுக்கும் இடையில் இது கச்சிதமாக அமர்ந்துவிடுவதைக் கவனிக்குக. எனவே அந்த எல்லைகளைக் கொண்டு இதனைப் பிழையென்று கூற இயலாது. 3.1425 இலும் சிறிய ஒரு மேலெல்லை தேவை. 96 பக்கங்களை 192 ஆக இரட்டித்தாலே வெளிப் பல்கோணி 3.1418... என்ற மேலெல்லையைத் தருகிறது. அவ்வளவில் 1521/484 தோற்றுவிடும். வான் கோலன் 1585இல் ஒரு சிறு நூல் வெளியிட்டு மறுத்தார்.

எதிர்த்தரப்பு ஓயவில்லை. அடுத்து அவர் முன்வைத்த பெறுமானம் √(√320 − 8). இது ஒரு விகிதமுறா எண். பார்த்தவுடன் பெரிதா சிறிதா எனத் தெரியாது. படிப்படியாகச் செய்து பார்ப்போம். 17.888இன் வர்க்கம் 320 இலும் சிறிது, 17.889இன் வர்க்கம் 320 இலும் பெரிது. ஆகவே √320 இவ்விரண்டுக்கும் இடையில் உள்ளது. 8ஐக் கழிக்க 9.888இற்கும் 9.889இற்கும் இடையில் வரும். 3.144இன் வர்க்கம் 9.8847..., 3.145இன் வர்க்கம் 9.8910... ஆதலால் குறித்த எண் 3.144இற்கும் 3.145இற்கும் இடைப்பட்டது. 22/7 ஓ 3.1428... மாத்திரமே. அதாவது புதிய பெறுமானம் ஆக்கிமிடிசின் மேலெல்லையையே தாண்டிவிட்டது. வான் கோலன் 1586இல் மீண்டும் மறுப்பு எழுதினார். எண்களை வரிசைப்படுத்தினால்,

223/71 < பை < 1521/484 < 22/7 < √(√320 − 8)

என அமையும். இவை ஐந்தும் இரண்டு தசமதானங்களுக்கு மட்டந்தட்டினால் 3.14 தான்! எத்தனை தானம் வேண்டும் என்பதை எண்களின் நெருக்கமே தீர்மானிக்கும். முன்கூட்டியே இரண்டு போதும் என முடிவு செய்துவிடலாகாது.

இவ்விவாதம் முடிந்தும் இவர் நிறுத்தவில்லை. பக்கங்களை இரட்டிக்க ஒவ்வொரு முறையும் ஒரு வர்க்கமூலம் காண வேண்டும். ஒரு மூலத்தில் நேரும் சிறு வழு அடுத்ததிற்குள் புகுந்துவிடும் என்பதால் தேவைக்கு மேலதிகமான தானங்களை வைத்துக்கொண்டே கணிக்க வேண்டும். கணிகருவி இல்லை, மடக்கை அட்டவணையும் அப்போது இல்லை. தசமங்களை விளக்கிய சைமன் ஸ்டெவினின் சிறு நூலே 1585இல் தான் வெளிவந்தது. இந்நிலையில் 3221 கோடிக்கு மேற்பட்ட பக்கங்களைக் கொண்ட பல்கோணியால் பையை 20 தசமதானங்களுக்குக் கண்டு, 1596இல் வட்டத்தைப் பற்றிய பெருநூலில் வெளியிட்டார். அதற்குள் லெய்டன் நகருக்கு வந்திருந்தார். 1600இல் அங்கு புதிதாக அமைந்த பொறியியற் பாடசாலையில் ஒல்லாந்த மொழியிலேயே கணிதம் கற்பிக்க நியமனம் பெற்றார். வாழ்வின் இறுதிக்குள் 35 தசமதானங்களை எட்டினார். அப்பல்கோணியின் பக்கங்களின் எண்ணிக்கை 2இன் 62ஆம் வலு.

இவ்வளவு உழைப்பும் வேண்டியதுதானா என்று கேட்கலாம். இவருடைய மாணவரான ஸ்னெல் 1621இல் மிகக் குறைந்த பக்கங்களுடன் ஏறத்தாழ அதே துல்லியத்தைப் பெறும் வழியைக் காட்டினார். பை ஒரு விகிதமுறா எண் என்பதை லாம்பேட் நிறுவியது 1761இல். இந்தத் தசமங்கள் எங்காவது முடியுமா, மீளுமா என்பது வான் கோலனுக்குத் தெரிந்திருக்க வழியில்லை.

வான் கோலன் 1610 டிசம்பர் 31இல் லெய்டனில் காலமானார். எஞ்சிய எழுத்துக்களை மனைவி 1615இல் அச்சிட்டார். ஜேர்மனியில் பையை லுடோல்ப் எண் என்றே நெடுங்காலம் அழைத்தனர். லெய்டனின் புனித பேதுரு தேவாலயத்தில் இவரது கல்லறைக் கல்லில் பையின் பெறுமானம் பொறிக்கப்பட்டது. அங்கும் ஓர் எண்ணை எழுதி அதுவே பை எனக் கூறப்படவில்லை. ஒரு கீழெல்லையும் ஒரு மேலெல்லையும் தரப்பட்டன. இரண்டும் 34 தசமதானங்கள்வரை ஒன்றே. 35ஆவது தானத்தில் ஒன்றில் 8, மற்றையதில் 9. அக்கல் பின்னர் காணாமற்போனது. 2000ஆம் ஆண்டு யூலை மாதத்தில் அதே எண்களுடன் புதிய கல் ஒன்று அத்தேவாலயத்தில் வைக்கப்பட்டது.