பம்பாய் சினிமாவுக்கு வெளிச்சம் போட்ட ஜெர்மன் கேமராமேன்!

மீனாகுமாரி நடித்த 'பாகீசா' இந்திப் படத்தை கேமராவில் பிடித்தவர் ஒரு ஜெர்மன்காரர். பெயர் ஜோசப் விர்ஷிங்.

1903-ல் மியூனிக்கில் பிறந்தவர். அங்குள்ள எமெல்கா ஸ்டூடியோவில் வேலை. 1925-ல் புத்தர் கதையை மவுனப்படமாக எடுக்க டைரக்டர் பிரான்ஸ் ஆஸ்டன் குழுவோடு இந்தியா வந்தார். படம் முடிந்ததும் ஊர் திரும்பி விட்டார்.

ஆனால் அதில் புத்தராக நடித்த ஹிமான்சு ராய் ஆளை விடவில்லை. 1934-ல் 'பாம்பே டாக்கீஸ்' தொடங்கியபோது மறுபடி வரவழைத்தார். தேவிகா ராணி, அசோக்குமார் ஜோடியின் 'அச்சுத் கன்யா' (1936) இவர் கைவண்ணம்தான்.

1939-ல் வந்தது வினை. உலகப்போர் மூண்டதும், ஜெர்மன்காரர் என்ற ஒரே காரணத்துக்காக பிரிட்டிஷ் அரசு முகாமில் அடைத்தது. போர் முடியும் வரை கேமரா இல்லை, கம்பி வேலிதான். ஆஸ்டன் ஜெர்மனிக்கே போய்விட்டார். விர்ஷிங் போகவில்லை. வெளியே வந்ததும் பழையபடி பம்பாயிலேயே வேலை!

1949-ல் 'மகால்'. மதுபாலா ஆவி மாதிரி வந்து போகும் அந்த இருட்டையும் நிழலையும் இன்றைக்குப் பார்த்தாலும் முதுகு சில்லிடும்.

அதே டைரக்டர் கமால் அம்ரோஹிதான் 'பாகீசா'வையும் இவரிடம் ஒப்படைத்தார். மீனாகுமாரி அவரது மனைவி. இருவரும் பிரிந்ததில் படம் வருஷக்கணக்கில் நின்றுபோனது. 1967-ல் விர்ஷிங் பம்பாயில் கண்ணை மூடினார்.

மிச்சத்தை வேறு கேமராமேன்கள் எடுத்துக் கொடுக்க, 1972-ல்தான் படம் ரிலீஸ். டைட்டிலில் ஒளிப்பதிவு என்று வந்தது விர்ஷிங் பெயர்தான்.