மாயப்பெட்டியைச் சுமந்த வீராங்கனை – நூர் இனாயத் கான்



நம்ம வடபழனி விஜயா வாஹினி ஸ்டுடியோவில் எடுத்து 1957-ல் வெளிவந்த ‘மாயாபஜார்’ படத்தை டி.வி.யில் பார்த்திருப்பீங்க. அதில் ‘பிரியதர்சினி’ என்று ஒரு பெட்டி வரும். திறந்தால் எங்கோ இருக்கும் பிரியமானவர் அதில் தெரிவார்!

அந்த மாதிரிப் பெட்டி ஒரு தளபதி கையில் கிடைத்தால் எப்படி இருக்கும்? குதிரையில் தூதன் போய்ச் சேர நாள்கணக்கில் ஆகும். வழியில் எதிரி பிடித்தால் ஓலையும் போச்சு, ஆளும் போச்சு. மாயப்பெட்டி என்றால் நொடியில் சேதி போய்விடும். கதைகளில் அந்தப் பெட்டிக்குக் கனம் கிடையாது, கரண்ட் வேண்டாம், எதிரி ஒட்டுக்கேட்கவும் முடியாது. நிஜத்தில்? அதைத் தெரிந்துகொள்ள ஒரு பெண்ணின் வாழ்க்கையைப் பார்ப்போம்.

பிறப்பும் இளமையும்

நூர் 1914 ஜனவரி 1 அன்று மாஸ்கோவில் பிறந்தார். அப்பா ஹஸ்ரத் இனாயத் கான் பரோடாவைச் சேர்ந்த இசைக் கலைஞர், சூஃபி ஞானி, திப்பு சுல்தான் வம்சத்தில் வந்தவர். அம்மா அமெரிக்கப் பெண்மணி. குடும்பம் பாரீஸ் அருகே குடியேறியது. 1927-ல் அப்பா இறந்துவிட, 13 வயசு நூர்தான் தம்பி தங்கையைப் பார்த்துக்கொண்டார்.

அவர் வீணை போன்ற ஹார்ப் வாசிப்பார், குழந்தைகளுக்குக் கதை எழுதுவார். புத்தரின் ஜாதகக் கதைகள் இருபதை அவர் ஆங்கிலத்தில் எழுதிய நூல் 1939-ல் லண்டனில் வெளிவந்தது. அதே வருஷம் இரண்டாம் உலகப்போர் மூண்டது.

கதைசொல்லி கையில் வயர்லெஸ்

1940-ல் ஜெர்மனி பிரான்சைப் பிடித்ததும் குடும்பம் இங்கிலாந்துக்குத் தப்பியது. நூர் விமானப்படையின் பெண்கள் பிரிவில் சேர்ந்து வயர்லெஸ் கற்றார். பிறகு ரகசியப் படை அவரைத் தேர்ந்தெடுத்தது. சாதுவான பெண், பொய் சொல்லத் தயங்குகிறவர், இவரால் முடியுமா என்று பயிற்சி அதிகாரிகளே சந்தேகப்பட்டார்கள். ஆனாலும் 1943 ஜூனில் ஒரு நிலா இரவில் சின்ன விமானத்தில் பிரான்சில் இறங்கினார். பிரிட்டனிலிருந்து அங்கே அனுப்பப்பட்ட முதல் பெண் வயர்லெஸ் ஆபரேட்டர் அவர்தான். ரகசியப் பெயர் ‘மதலின்’.

பெட்டியின் பலமும் ஆபத்தும்

அவர் கொண்டுபோனது சாதாரண சூட்கேஸ் மாதிரி இருக்கும். உள்ளே வயர்லெஸ் செட், சுமார் 15 கிலோ! அதில் மோர்ஸ் சங்கேதத்தில் சேதி தட்டினால் லண்டனுக்குக் கேட்கும். எந்த இடத்தில் ஆயுதம் போட வேண்டும், யார் பிடிபட்டார்கள் என்பதெல்லாம் அதன் வழியாகத்தான் போகும். ரகசியப் படைக்கு அந்தப் பெட்டிதான் உயிர்நாடி.

ஆனால் சேதி தட்டத் தட்ட, அலை எங்கிருந்து வருகிறது என்று ஜெர்மானியர்கள் வண்டியில் கருவி வைத்துத் தேடுவார்கள். ஒரே இடத்தில் நெடுநேரம் இருந்தால் மாட்டிக்கொள்ள வேண்டியதுதான். அதனால் நூர் வீடு மாறி, தெரு மாறி, தலைமுடி நிறத்தையும் மாற்றிக்கொண்டு அலைந்தார். ஒருமுறை சுரங்க ரயிலில் ஜெர்மானியர்கள் பெட்டியைப் பற்றி விசாரிக்க, சினிமா காட்டும் கருவி என்று சொல்லித் தப்பியதாக அவர் வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள்!

அவர் போன சில நாட்களிலேயே அவருடைய குழுவினர் வரிசையாகப் பிடிபட்டார்கள். திரும்பி வரலாம் என்று லண்டன் சொன்னது. தான் போய்விட்டால் மிச்சம் இருக்கிறவர்களுக்கு லண்டனோடு தொடர்பே இருக்காது என்று நூர் மறுத்துவிட்டார். சுமார் நாலு மாதம் தாக்குப்பிடித்தார்.

எதிரி கையில் பெட்டி

1943 அக்டோபரில் ஒருவர் காட்டிக்கொடுக்க, நூர் கைதானார். செட்டோடு, சேதிகளை எழுதி வைத்திருந்த நோட்டும் சிக்கியது. அதைப் பார்த்து ஜெர்மானியர்கள் நூர் பெயரிலேயே லண்டனுக்குச் சேதி அனுப்பினார்கள். லண்டனும் நம்பியது. அந்த நம்பிக்கையில் பாராசூட்டில் இறங்கிய ஆட்கள் நேராக எதிரி கையில் விழுந்தார்கள். படைக்கு உதவிய கருவியே படைக்கு எமனாகிப் போச்சு.

நூர் மட்டும் எதையும் சொல்லவில்லை. தப்பிக்கவும் முயன்றார். கைகால்களில் சங்கிலியோடு மாதக்கணக்கில் தனிச் சிறையில் வைத்தார்கள். 1944 செப்டம்பர் 13 அன்று டக்காவ் முகாமில் சுட்டுக்கொன்றார்கள். வயது 30. 1949-ல் பிரிட்டன் ஜார்ஜ் கிராஸ் விருது தந்தது. 2012-ல் லண்டனில் சிலை வைத்தார்கள்.

சிந்திப்போம்

தூரத்துக்குச் சேதி போவது பெரிய பலம்தான். ஆனால் அந்தப் பக்கம் தட்டுவது நம்ம ஆளா, எதிரியா என்று பெட்டிக்குத் தெரியாது. நூரைப் போல வாய் திறக்காத மனுஷர் இருந்தும், பெட்டியும் நோட்டும் கைமாறியதால் எத்தனை உயிர் போச்சு பாருங்க! இன்று நம்ம பாக்கெட்டில் இருக்கும் செல்போனும் அப்படித்தான். தெரிந்தவர் பெயரில் ஒரு சேதி வந்தால், அது அவர்தானா என்று ஒரு நிமிஷம் யோசிப்போமே!

தொகுப்பு: பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு