முத்துலட்சுமி அம்மையாரும் நோயாளர் இல்லமும்

புதுக்கோட்டை நகர்க்கு வடமேற்கே குடுமியான்மலை என்னுஞ் சிற்றூர் உளது. சிகாநாதர் திருக்கோயிலையும், பாறையிற் பொறித்த பழைய இசைக் கல்வெட்டையும் காண வேண்டி அறிஞர் பலர் அங்குச் செல்வர். அக்கோயிற் கல்வெட்டுக்களுள் ஒன்று, தேவரடியாள் ஒருத்தி தன் பொருளாலே அம்மன் திருமுன்னை எடுப்பித்த செய்தியைக் கூறுகின்றது. அங்ஙனம் ஒருகாற் சிறப்புற்றிருந்த குலத்து மகளிர் பிற்காலத்தே இழிவுக்கும் துயர்க்கும் ஆளாயினர். அக்குலத்துத் தாயொருவர் வயிற்றிற் பிறந்து, பெண்டிர்க்கும் நோயாளர்க்கும் புகலிடம் அமைத்த பெருந்தகையே டாக்டர் முத்துலட்சுமி அம்மையார்.

அம்மையார் வரலாற்றை யான் ஈண்டு எழுதப் புகுந்ததற்கு ஒரு காரணம் உண்டு. சென்ற கோடை விடுமுறையிற் குடுமியான்மலையில் வாழும் எம் பாட்டியார் இடுப்பெலும்பு முறிந்து படுக்கையுற்றார். தந்தையாரும் தாயாரும் வெளியூரிற் பணி செய்வோர். ஆகலின், முதியோரைப் பேணும் இல்லங்களுள் நல்லது யாதெனத் தேர வேண்டியவர் ஆயினோம். இரண்டு இல்லங்களைக் கண்டோம். எதனை அளவாகக் கொண்டு அவற்றை ஒப்பிடுவது என்பது விளங்கவில்லை. அந்நாட்களில் யான் படித்துக்கொண்டிருந்தது அம்மையார் வரலாறே.

அம்மையார் 1886-ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 30-ஆம் நாள் புதுக்கோட்டையிற் பிறந்தார். தந்தையார் நாராயணசாமி ஐயர், மன்னர் கல்லூரித் தலைவராக இருந்த கல்விமான். தாயார் சந்திரம்மாள், இசைக்கும் நடனத்திற்கும் உரிய குடியினர். மகளிர் பள்ளிப் படிப்பைத் தொடர்தலே அரிதாயிருந்த அக்காலத்தில், அவர் வீட்டிலிருந்தே பயின்று தேர்வெழுதி வெற்றி பெற்றார். ஆடவர்க்கே உரியதாயிருந்த மன்னர் கல்லூரியில் ஒரு பெண்ணைச் சேர்த்தல் தகாதெனப் பலர் தடுத்தனர். அவள் பிறந்த குலத்தையும் சிலர் குறையாகக் கூறினர். ஆயினும் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் மன்னர் அத்தடையைப் பொருட்படுத்தாது இசைவளித்தார்.

1907-இல் அம்மையார் சென்னை மருத்துவக் கல்லூரியிற் சேர்ந்து, 1912-இற் சிறப்புறத் தேறிப் பரிசில்கள் பல பெற்றார். பின்னர் அரசினர் மகப்பேற்று மருத்துவமனையில் உறை மருத்துவராயினார். பெண்ணொருவர் அப்பதவி ஏற்றல் அந்நாளிற் புதுமையே. 1914-இல் டாக்டர் சுந்தர ரெட்டியாரை மணந்தார். மனைவியைத் தமக்கு ஒப்பானவராக நடத்துவதும் அவருடைய தொண்டிற்குக் குறுக்கே நில்லாமையும் அம்மணத்திற்கு உடன்பாடுகளாயிருந்தன. ரெட்டியாரும் இறுதிவரை அச்சொல்லைக் காத்தார்.

இனி, அம்மையார் வாழ்வைத் திருப்பிய துயரமொன்று உண்டு. அவர்தம் தங்கையார் இளமையிலேயே நோயுற்றார். அந்நோய் முதலில் வேறொன்றாகக் கருதப்பட்டது. புற்றுநோய் எனத் தெளிந்தபோது காலங் கடந்துவிட்டது. 1923-இல் அத்தங்கையார் உயிர் நீத்தார். தாமே மருத்துவராயிருந்தும் உடன்பிறந்தாளைக் காக்க இயலாமற்போன துன்பம் அம்மையார் நெஞ்சில் ஆறாத புண்ணாயிற்று. தீராத நோயென்று கைவிடப்பட்டார்க்கும் தனியிடமும் தனிப்பணியும் வேண்டும் என்னும் எண்ணம் அப்புண்ணினின்றே முளைத்தது.

1925-இல் அரசினர் உதவி பெற்று இங்கிலாந்து சென்று, இலண்டனிற் செல்சி மகளிர் மருத்துவமனையிற் பயின்றார். புற்றுநோய்க்கெனத் தனியே அமைந்த மருத்துவமனையையும் ஆங்குக் கண்டார். நம் நாட்டு நிலையையும் அந்நாட்டு நிலையையும் நேரில் ஒப்பிட்டறியும் வாய்ப்பு இங்ஙனம் அவர்க்குக் கிட்டியது. மீண்டு வந்தபின் சென்னைச் சட்ட மன்றத்தின் உறுப்பினராகி, 1927-இல் அதன் துணைத் தலைவராகவுந் தேர்ந்தெடுக்கப் பெற்றார். அம்மன்றத்தில் அவர் வற்புறுத்தியவற்றுட் குழந்தைகட்குத் தனி மருத்துவ ஏற்பாடு வேண்டும் என்பதும், பள்ளி மாணவர்க்கு உடற்சோதனை வேண்டும் என்பதும் குறிப்பிடத்தக்கன. தேவதாசி வழக்கத்தை ஒழிக்கவும் அவர் அயராது முயன்றார். அம்முயற்சி முற்றும் பயனளித்த சட்டம் 1947-இல் வந்தது. காந்தியடிகள் சிறைப்பட்டது பற்றி 1930-இல் தம் மன்றப் பதவியைத் துறந்தார்.

அவ்வாண்டிலேயே, அவ்வழக்கத்தினின்று தப்பி வந்த இளம் பெண்கள் சிலர் அம்மையாரை அடைந்தனர். நகரத்து விடுதிகள் அவர்களை ஏற்க மறுத்தன. ஒரு விடுதியின் நன்மை அதன் கட்டடத்தில் இல்லை, அது யாரைத் திருப்பியனுப்புகின்றது என்பதிலேயே விளங்கும் என்பதை அம்மையார் அன்று நன்குணர்ந்திருத்தல் வேண்டும். அவர் அப்பெண்களைத் தம் வீட்டிலேயே வைத்துக்கொண்டார். ஔவை இல்லம் இங்ஙனந் தோன்றியது. உணவும் உறையுளும் மட்டுமன்றிக் கல்வியும் தொழிலும் அங்கு அளிக்கப்பட்டன. சிறுமியர் தம் காலில் நிற்றலே அவ்வில்லத்தின் நோக்கமாயிற்று.

புற்றுநோய் மருத்துவமனையோ எளிதில் எழவில்லை. 1935-இற் சென்னை மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழாவில் அம்மையார் தம் விருப்பத்தை வெளியிட்டார். சாகப்போவார்க்கு மருத்துவமனை எதற்கு என்னும் எண்ணமே அதிகாரத்திலிருந்தார் சிலரிடத்தும் நிலவியது. ஆயினும் அவர் வீடுதோறுஞ் சென்று பொருள் திரட்டினார். 1952-இல் நேரு பெருமகனார் அடிக்கல் நாட்டினார். 1954-ஆம் ஆண்டு சூன் 18-ஆம் நாள் அடையாற்றிற் பன்னிரண்டே படுக்கைகளுடன் அம்மருத்துவமனை திறக்கப்பட்டது. தம் மைந்தர் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், 1955-இல் வந்து சேர்ந்த டாக்டர் சாந்தா அம்மையாரும் அதனைத் தம் வாழ்நாட் பணியாகக் கொண்டனர். பொருளில்லார் கட்டணமின்றியோ குறைந்த கட்டணத்திலோ மருத்துவம் பெறலாம் என்னும் நெறி அங்கு வேரூன்றியது. 1956-இல் அம்மையார் பத்மபூஷண் விருது பெற்று, 1968-ஆம் ஆண்டு சூலை 22-ஆம் நாள் இயற்கை எய்தினார்.

இவ்வரலாற்றினின்று யான் பெற்ற அளவுகோல்கள் மூன்று. முதலாவது, நோயை உள்ளவாறு அறிந்துகொள்ளும் அக்கறை. தங்கையார்க்கு நேர்ந்தது போலக் காலங் கடவாமைப் பொருட்டு, நோயாளி சொல்வதைக் கேட்டற்கு ஆங்கு ஒருவர் இருத்தல் வேண்டும். இரண்டாவது, யாரை ஏற்கின்றனர், யாரைத் தள்ளுகின்றனர் என்பது. மூன்றாவது, தீராத நோயினரையும் மனிதராகவே நடத்தும் பண்பு.

யாங்கள் கண்ட முதலில்லத்திற் பளிங்குத் தரையும், அறைதோறுந் தொலைக்காட்சிப் பெட்டியும், அழைப்பு மணியும் இருந்தன. ஆனால் யாங்கள் இருந்த வேளையில் ஒரு மணி நெடுநேரம் ஒலித்தது. சென்று பார்த்தார் எவருமிலர். பாட்டியாரின் நோயையும் வயதையும் எந்தையாரிடம் வினவினரேயன்றி, அருகிற் சக்கர நாற்காலியில் அமர்ந்திருந்த பாட்டியாரிடம் ஒரு சொல்லும் வினவிலர். இரண்டாவது இல்லம் ஓட்டுக் கட்டடம். படுக்கைகள் பழையன. எனினும், எழ இயலாத முதியவரை உரிய வேளைகளிற் புரட்டிப் படுக்க வைத்தமைக்குச் சுவரில் எழுதிய குறிப்பிருந்தது. யாங்கள் நிற்கும்போதே பணிப்பெண் ஒருத்தி வந்து அவ்வாறு செய்து, முதுகிற் புண்ணுண்டோவெனப் பார்த்துச் சென்றாள். அங்குள்ளார் அனைவரையும் அவள் பெயரிட்டே அழைத்தாள். பாட்டியாரின் பக்கத்தில் மண்டியிட்டு, அப்பாயி, இரவில் எந்தப் பக்கம் சாய்ந்து படுப்பீர்கள் என்று கேட்டதும் அவளே. பாட்டியார் அவள் கையைப் பற்றிக்கொண்டார். எங்கள் ஐயம் அக்கணமே தீர்ந்தது.

ஆயினும் ஒன்று எஞ்சி நின்றது. நம் ஆண்டவர் கூறிய நல்ல சமாரியன் உவமையை யாவரும் அறிவர். அவன் அடிபட்டவனைச் சத்திரத்திற் சேர்த்ததோடு அமையவில்லை. அவ்விரவு தானே உடனிருந்து பேணினான். மறுநாட் காசு கொடுத்துத் திரும்பி வருவேன் என்றும் உறுதி கூறினான். சத்திரக்காரன் நல்லவனாயிருத்தல் ஒரு பாதி. விட்டுச் செல்வோன் மீண்டு வருதல் மற்றொரு பாதி. இல்லங்களை ஒப்பிட்டு ஆராய்ந்த யாங்கள், எங்களையும் அவ்வாறே ஆராய்ந்துகொள்ள வேண்டியவர்களே. எந்தையார் சனிக்கிழமைதோறும் அங்குச் செல்கின்றார். யானும் விடுமுறை தோறுஞ் செல்கின்றேன். ஆயினும் ஒவ்வொரு முறையும் பாட்டியார் கேட்பது குடுமியான்மலை வீட்டைப் பற்றியே. அதற்கு யாங்கள் இன்னும் விடை கூறிலேம்.

புகலற்றார்க்குத் தம் வீட்டு வாயிலையே திறந்து வைத்த அம்மையாரின் வாழ்வு, அவ்விடையை நாடுமாறு எம்மை ஏவுகின்றது.