இந்தியப் படை போன பிறகு: ரணசிங்க பிரேமதாசவும் எமக்கு மிஞ்சிய கணக்கும்

மே முதலாம் திகதி உலகத்துக்குத் தொழிலாளர் தினம். எம்மவர் வீடுகளில் அன்றைக்கு இன்னொரு பெயரும் அடிபடும். 1993ஆம் ஆண்டு அதே நாளில், கொழும்பு ஆமர் வீதிச் சந்தியில், மே தின ஊர்வலத்தின் நடுவே தற்கொலைக் குண்டுத் தாக்குதலில் இறந்த இலங்கை ஜனாதிபதி ரணசிங்க பிரேமதாசவின் பெயர் அது.

இங்கே பிளசன்டனில் நாலு குடும்பம் கூடித் தேநீர் குடிக்கும்போது அவரைப் பற்றி இரண்டு தீர்ப்புகள் வரும். இந்திய இராணுவத்தை வெளியேற்றிய மனிதர் என்பார் ஒருவர். எங்கள் ஊர்களில் குண்டு போட்டவர் என்பார் மற்றவர். இரண்டும் உண்மை. இங்கே பிறந்த பிள்ளைகள் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, அப்படியென்றால் அவர் நல்லவரா கெட்டவரா என்று கேட்கிறார்கள். ஒரு பதிவை மட்டும் பார்த்துப் பேரேட்டை மூட முடியாது என்பது நாம் படித்த தொழிலின் முதல் பாடம். ஆகவே அவருடைய வாழ்க்கையைத் தொடக்கத்திலிருந்து பார்ப்போம்.

அதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இங்கிருந்து 680 நெடுஞ்சாலையில் தெற்கே இறங்கினால் பிரீமொண்ட். அங்கே ஆப்கானியர்கள் பெருந்தொகையாக வாழ்கிறார்கள். 2021 ஓகஸ்டில் காபூல் விழுந்தபோது அவர்களுடைய கடைகளில் தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டு நின்ற முகங்களைக் கண்டோம். அந்த விமான நிலையக் காட்சிகள் எமக்கு 1990 மார்ச் மாதத் திருகோணமலையை நினைவூட்டின. வெளிநாட்டுப் படை ஒன்று வந்து, அதன் நிழலில் ஒரு நிர்வாகம் அமைந்து, படை போனதும் அந்த நிர்வாகமும் போன கதை எமது கதையும்தான். அந்தக் கதையின் நடுவே இருந்தவர் பிரேமதாச.

அவர் பிறந்தது 1924 ஜூன் 23ஆம் திகதி, கொழும்பு வாழைத்தோட்டத்தில். இலங்கையை ஆண்ட பெரிய குடும்பங்கள் எதிலும் அவர் சேர்ந்தவரில்லை. சேனநாயக்க, பண்டாரநாயக்க, ஜயவர்தன என்று நிலமும் சாதியும் ஆங்கிலமும் சேர்ந்த வட்டத்துக்கு வெளியே, தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் ஒட்டியொட்டி வாழ்ந்த ஏழைத் தெருக்களில் வளர்ந்தார். லோரன்ஸ் கல்லூரியிலும் புனித சூசையப்பர் கல்லூரியிலும் படித்தார். இளவயதிலேயே தன் பகுதிச் சிறுவர்களுக்காகச் சுசரித இயக்கத்தைத் தொடங்கினார்.

அரசியலில் முதலில் ஏ. ஈ. குணசிங்கவின் தொழிற்கட்சியில் நின்றார். 1950இல் கொழும்பு மாநகர சபை உறுப்பினர், 1955இல் பிரதி மேயர். 1956இல் ஐக்கிய தேசியக் கட்சியில் சேர்ந்து, ருவன்வெல்லையில் என். எம். பெரேராவிடம் தோற்றார். 1960 மார்ச்சில் மத்திய கொழும்பில் வென்று, அதே ஆண்டு ஜூலையில் தோற்று, 1965இல் திரும்ப வென்றார். 1968இல் உள்ளூராட்சி அமைச்சரானார். 1978 பெப்ரவரியில் பிரதமரானார்.

ஜே. ஆர். ஜயவர்தனவின் புதிய அரசியலமைப்பில் பிரதமர் பதவிக்கு அதிகாரம் குறைவு. பிரேமதாச அந்தப் பதவியை வீடு கட்டும் பதவியாக்கிக்கொண்டார். முதலில் ஒரு இலட்சம் வீடுகள் திட்டம், 1984இலிருந்து பத்து இலட்சம் வீடுகள் திட்டம், கூடவே கம் உதாவ கிராமங்கள். 1987ஐ வீடற்றோருக்கான சர்வதேச ஆண்டாக ஐ.நா. அறிவித்ததற்குப் பின்னால் இருந்ததும் அவருடைய யோசனைதான். ஆனால் 1983 ஜூலையில் எம்மவரின் வீடுகள் எரிந்தபோது அந்த அரசாங்கத்தின் பிரதமரும் அவர்தான். வீடு கட்டிய கணக்குக்குப் பக்கத்தில் அதையும் எழுத வேண்டும்.

1987 ஜூலை 29ஆம் திகதி ராஜீவ் காந்தியும் ஜயவர்தனவும் கொழும்பில் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். பிரதமரான பிரேமதாச அதை எதிர்த்தார், விழாவில் கலந்துகொள்ளவில்லை. இந்திய அமைதிப்படை வடக்கு கிழக்கில் இறங்கியது. யாழ்ப்பாணத்தில் சிப்பாய்களுக்கு மாலை போட்டு வரவேற்றவர்களில் நாமும் இருந்தோம். ஒக்டோபர் 10ஆம் திகதி புலிகளுக்கும் அந்தப் படைக்கும் போர் மூண்டது. பதினொரு நாள் கழித்து யாழ்ப்பாண ஆஸ்பத்திரிக்குள்ளேயே நோயாளர்களும் வைத்தியர்களும் தாதியரும் கொல்லப்பட்டார்கள். போட்ட மாலை வாட முன்னரே எல்லாம் மாறிப்போனது.

தெற்கிலும் அந்த ஒப்பந்தம் தீ மூட்டியது. அந்நியப் படையை எதிர்க்கிறோம் என்று சொல்லி ஜே.வி.பி. ஆயுதம் தூக்கியது. 1987 ஓகஸ்ட் 18ஆம் திகதி பாராளுமன்றக் கட்டடத்தில் ஆளுங்கட்சிக் கூட்டத்தின் மேல் கைக்குண்டு வீசப்பட்டது. ஜயவர்தனவும் பிரேமதாசவும் தப்பினார்கள். ஒரு பாராளுமன்ற உறுப்பினர் இறந்தார், லலித் அத்துலத்முதலி காயப்பட்டார்.

இந்த நிலையில்தான் 1988 டிசம்பர் 19ஆம் திகதி ஜனாதிபதித் தேர்தல் வந்தது. வாக்களித்தவர்கள் 55 வீதம் மட்டுமே. பிரேமதாசவுக்கு 50 வீதத்துக்குச் சற்று மேல், சிறிமாவோ பண்டாரநாயக்கவுக்கு ஏறக்குறைய 45 வீதம். 1989 ஜனவரி 2ஆம் திகதி கண்டி தலதா மாளிகையில் பதவியேற்றார். வாழைத்தோட்டத்துப் பையன் நாட்டின் தலைவரானான். ஆனால் கையில் கிடைத்த நாடு எப்படிப்பட்டது? வடக்கு கிழக்கில் இன்னொரு நாட்டின் இராணுவம். தெற்கில் ஒரு துண்டுக் காகிதத்தில் கடையை மூட வைக்கும் தலைமறைவு இயக்கம். திருகோணமலையில், 13ஆவது திருத்தத்தின் கீழ் 1988 நவம்பரில் தேர்தல் நடத்தி அமைத்த வடக்கு கிழக்கு மாகாண சபை.

அந்த மாகாண சபையைப் பற்றி ஒரு கணக்காளர் பார்வையில் சொல்ல வேண்டும். வரதராஜப் பெருமாள் முதலமைச்சராக இருந்தார். பெயர்ப்பலகை இருந்தது, அமைச்சர்கள் இருந்தார்கள். நிதி, பொலிஸ், காணி மூன்றும் நடைமுறையில் கொழும்பின் கையில். பாதுகாப்பு இந்தியாவின் கையில். சொந்த வருமானமும் இல்லை, சொந்தக் கட்டளையும் இல்லை. புலிகள் தேர்தலைப் புறக்கணித்தார்கள், மக்களில் பெரும்பகுதி சபையைத் தங்களுடையதாக நினைக்கவில்லை. கடைசியில் சபையைக் காப்பாற்றத் தமிழ்த் தேசிய இராணுவம் என்ற பெயரில் வீதியில் போன பொடியன்களை இழுத்துச் சேர்த்தார்கள். அந்தப் பிள்ளைபிடி காலத்தில் இருபது வயதில் இருந்தவர்களுக்கு, ரியூசனுக்குச் சைக்கிளில் போவதே உயிரோடு விளையாடுகிற காரியம்.

பிரேமதாச இந்தச் சபையை வளரவிட விரும்பவில்லை. அவருக்கு முதல் வேலை இந்தியப் படையை அனுப்புவது. அது போனால் ஜே.வி.பி.யின் கையில் உள்ள கோஷம் போய்விடும், புலிகளும் கொழும்போடு பேசுவார்கள் என்பது அவர் போட்ட கணக்கு. கணக்கு முழுக்கப் பிழை என்று சொல்ல முடியாது. 1989 மே மாதம் புலிகளின் தூதுக்குழு கொழும்பு வந்தது. ஜூன் முதலாம் திகதி, ஒப்பந்தத்தின் இரண்டாவது ஆண்டு நிறைவான ஜூலை 29க்குள் இந்தியப் படை முழுவதும் போக வேண்டும் என்று அவர் பகிரங்கமாக அறிவித்தார். அந்த ஆண்டு கொழும்பில் நடக்கவிருந்த சார்க் மாநாட்டையும் அந்நியப் படை இருக்கும்வரை நடத்த மறுத்தார். டில்லி கோபித்தது. ஜூலை 29இல் ஒரு சிறு பிரிவு மட்டும் கப்பலேறியது. செப்டம்பர் 18ஆம் திகதி இரு அரசுகளும் வெளியேற்றத்துக்கு ஒரு அட்டவணையில் உடன்பட்டன. டிசம்பரில் வி. பி. சிங் பிரதமரானதும் வேலை சுலபமாகியது.

இதற்குள் இரண்டு காரியங்கள் நடந்தன. தெற்கில் அவசரகாலச் சட்டம் திரும்பி வந்தது. நவம்பரில் ரோகண விஜேவீர பிடிபட்டுக் கொல்லப்பட்டார். அந்த இரண்டு மூன்று ஆண்டுகளில் பல பத்தாயிரம் சிங்கள இளைஞர்கள் காணாமல் போனார்கள். ஆற்றிலும் வீதியோரத்திலும் எரிந்த டயரோடும் கிடந்த உடல்களை அந்தத் தலைமுறைச் சிங்களத் தாய்மார் இன்னும் மறக்கவில்லை. வடக்கு கிழக்கிலோ, இந்தியப் படைக்கும் அதோடு நின்ற இயக்கங்களுக்கும் எதிராகப் புலிகளுக்கு அரசாங்கமே ஆயுதம் கொடுத்தது. இது பின்னாளில் வெளியே வந்தது. பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருந்த அதே கொழும்பில் ஜூலை 13ஆம் திகதி அமிர்தலிங்கமும் யோகேஸ்வரனும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள்.

அமைதிப்படை அம்பாறையில் தொடங்கி மாவட்டம் மாவட்டமாக விலக, ஒவ்வொரு இடத்திலும் மாகாண சபையின் காவலர்கள் சிதறினார்கள். 1990 மார்ச் முதலாம் திகதி வரதராஜப் பெருமாள் தனிநாட்டுப் பிரகடனம் ஒன்றைச் செய்துவிட்டு இந்தியா போனார். மார்ச் 24ஆம் திகதி கடைசிச் சிப்பாய் திருகோணமலையிலிருந்து கப்பலேறினான். ஆயிரத்துக்கும் மேற்பட்ட இந்தியச் சிப்பாய்களும், எண்ணிக்கை தெரியாத எம்மவரும் அந்த முப்பத்திரண்டு மாதங்களில் இறந்திருந்தார்கள்.

அதே காலத்து ஆப்கானிஸ்தானைப் பாருங்கள். சோவியத் படை 1989 பெப்ரவரி 15ஆம் திகதி போய் முடிந்தது. நஜிபுல்லாவின் அரசாங்கம் அதற்குப் பிறகும் மூன்று ஆண்டுகள் நின்றது, காரணம் மொஸ்கோவின் பணமும் எரிபொருளும் தொடர்ந்து வந்தன. அது நின்றதும் 1992 ஏப்ரலில் அவரும் விழுந்தார். திருகோணமலைச் சபைக்குப் படை இருக்கும்போதே பணம் கிடையாது. கடைசிக் கப்பல் புறப்பட முன்னரே அது விழுந்துவிட்டது.

இந்தியப் படையை அனுப்பியது பிரேமதாசவின் வெற்றி. அதற்குப் பிறகு என்ன என்பதற்கு அவரிடம் ஏற்பாடு இருக்கவில்லை. புலிகள் கேட்டது மாகாண சபையைக் கலைத்துப் புதுத் தேர்தல் வைப்பதும், 1983ஆம் ஆண்டின் ஆறாவது திருத்தத்தை நீக்குவதும். மாதங்கள் ஓடின, இரண்டும் நடக்கவில்லை. 1990 ஜூன் 11ஆம் திகதி கிழக்கில் பொலிஸ் நிலையங்கள் சுற்றிவளைக்கப்பட்டன. சரணடைந்த நூற்றுக்கணக்கான பொலிஸார் கொல்லப்பட்டார்கள். அமைச்சர் ஹமீட் போரை நிறுத்த யாழ்ப்பாணம்வரை வந்து போனார், பலனில்லை. இரண்டாம் ஈழப்போர் தொடங்கியது. செப்டம்பரில் வந்தாறுமூலை வளாகத்து அகதிகள் கூட்டிச் செல்லப்பட்டுத் திரும்பி வரவில்லை. சத்துருக்கொண்டானில் குழந்தைகள் உட்பட ஊரே வெட்டப்பட்டது. ஓகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசலில் தொழுதுகொண்டிருந்தவர்கள் கொல்லப்பட்டார்கள். ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் ஊரைவிட்டே துரத்தப்பட்டார்கள். எமது கணக்கில் வரும் இந்தப் பதிவுகளை மறைத்துக்கொண்டு மற்றவருடைய கணக்கைப் பார்க்க எமக்கு உரிமையில்லை.

பிறகு வந்ததுதான் எங்கள் தலைமுறை வாழ்ந்த விசித்திரம். வானத்திலிருந்து குண்டு. மண்ணெண்ணெய், பற்றரி, சவர்க்காரம், உரம் எல்லாவற்றுக்கும் தடை. அதே அரசாங்கம் புலிகளின் பகுதியில் இருந்த ஆசிரியர்களுக்கும் கச்சேரி ஊழியர்களுக்கும் சம்பளமும் அனுப்பியது, பரீட்சைத் தாளும் அனுப்பியது. ஜாம் போத்தல் விளக்கில் வர்த்தகப் பாடம் படித்து, கொழும்பில் அச்சடித்த வினாத்தாளுக்கு விடை எழுதிய பிள்ளைகள் பலர் இன்று இந்தப் பக்கத்தை வாசிக்கிறீர்கள்.

தெற்கில் அவர் ஓயாமல் உழைத்தார். விடிய முன் எழும்பி அதிகாரிகளுக்கு அழைப்பெடுப்பார் என்பது நாடறிந்த கதை. சனசவிய திட்டத்தில் ஏழைக் குடும்பத்துக்கு இரண்டு ஆண்டுகளுக்கு மாதம் 2,500 ரூபா. அதில் 1,458 ரூபா செலவுக்கு, 1,042 ரூபா சேமிப்புக்கு. இருபத்துநாலு மாத முடிவில் கையில் ஏறக்குறைய 25,000 ரூபா முதல் நிற்கும் என்பது எண்ணம். பிடிக்காதவர்கூட அந்தக் கணக்கில் ஒரு ஏழைவீட்டுப் பிள்ளையின் மூளையைக் காணலாம். கிராமங்களுக்கு 200 ஆடைத் தொழிற்சாலைகள் கொண்டுபோனார். 1992இல் பிரதேச செயலாளர்களுக்கு அதிகாரம் கொடுக்கும் சட்டம் கொண்டுவந்தார். சனங்களுக்கு அது வசதி. ஆனால் அந்த அதிகாரம் கொழும்பிலிருந்து நேரே பிரதேசத்துக்குப் போனது. நடுவிலிருந்த மாகாணம் வெறுங்கூடாகியது. எம் சபை ஆளுநரின் கையில் போய், கிழக்கு 2008வரையும் வடக்கு 2013வரையும் தேர்தலைக் காணவில்லை.

சொந்தக் கட்சியிலும் அவருக்கு நிம்மதியில்லை. 1991இல் லலித் அத்துலத்முதலியும் காமினி திசாநாயக்கவும் குற்றப்பிரேரணை கொண்டுவந்தார்கள். சபாநாயகர் அதை ஏற்கவில்லை. 1993 ஏப்ரல் 23ஆம் திகதி அத்துலத்முதலி சுட்டுக் கொல்லப்பட்டார். எட்டு நாள் கழித்து ஆமர் வீதியில் பிரேமதாச. அவருக்கு வயது 68. ஆட்சி நான்கு ஆண்டும் நான்கு மாதமும். ஒருகாலம் அவர் ஆயுதம் கொடுத்த இயக்கத்தின் ஆள்தான் அந்தக் குண்டைக் கட்டிவந்தவன்.

2019 ஜனாதிபதித் தேர்தலில் வடக்கு கிழக்கில் எம் உறவினர் பெருவாரியாக வாக்களித்தது அவருடைய மகன் சஜித்துக்கு. தகப்பனை மன்னித்து அல்ல, எதிரே நின்றவரைப் பார்த்து.

பிள்ளைகள் கேட்ட கேள்விக்கு எம்மால் ஒரு சொல்லில் பதில் சொல்ல முடியவில்லை. அந்நியப் படையின் நிழலில் நின்ற சபையைக் கலைப்பது சுலபம், நாமும் அன்று கைதட்டினோம். அதன் இடத்தில் எம் மக்கள் நம்பக்கூடிய ஒரு நிர்வாகத்தை, சொந்த வருமானத்தோடும் சொந்தப் பொலிஸோடும், கட்டுவதற்குப் பிரேமதாசவும் முயலவில்லை, எம்மவரும் விடவில்லை. இனி யாராவது எமக்கு ஒரு சபையோ தீர்வோ கொண்டுவந்தால், யார் கையெழுத்திட்டார்கள் என்பதை மட்டும் பார்க்காமல், காசு எங்கிருந்து வரும், பொலிஸ் யாருக்குப் பதில் சொல்லும், கொண்டுவந்தவர் போன மறுநாள் அது நிற்குமா என்று கேட்கச் சொல்லிக்கொடுப்போம். 1987இல் நாம் கேட்காமல் விட்டது அந்த மூன்று கேள்விகளையும்தான்.